கம்ப்யூட்டருக்குக் குங்கிலியம் பூசிய வருஷம்

கையில் திருப்புளி வைத்திருப்பவனுக்கு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் மனசு பொறுக்காது. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் எங்கள் குப்பத்தில் நான் திறந்து பார்க்காத ரேடியோ கிடையாது. திறந்தவற்றில் பாதி மறுபடியும் பாடின. மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். (ஒருவர் மட்டும் திருப்பிக்கொள்ளாமல் நேராக என்னை நோக்கி வந்தார். அன்றைக்கு நான் கருவேலங்காட்டு வழியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.)

எண்பதுகளின் பின்பாதி அது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீட்டில் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது தட்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை போஸ்டாபீஸுக்கு நடப்பேன். தபால் வருவது ஒரு தடவைதான். சாப்பாட்டுத் தட்டில் கை இருக்கும்போதே எழுந்துபோய் மீட்டர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். "இவன் வவுத்துல இருக்கும்போதே என்னத் தூங்க வுட்டதில்ல" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் காதர் வீட்டுக் கம்ப்யூட்டர் என் கண்ணில் பட்டது.

காதர் என் பள்ளிக்கூடத் தோழன். பழவேற்காட்டில் பரம்பரையாக வியாபாரம் செய்த குடும்பம். வீட்டில் ஆள் உயரத் தேக்குப் பெட்டிகள் இருக்கும். அவனுடைய மாமு சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு ஹோம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். விசைப்பலகையும் உடம்பும் ஒரே துண்டாக, ஒரு பெரிய அட்டைப்பெட்டி அகலத்துக்கு இருக்கும். டிவியில் சொருகினால் எழுத்து வரும். அந்த வீட்டில் அதை எப்படி உபயோகிப்பது என்று யாருக்கும் தெரியாததால், தேக்குப் பெட்டி மேல் வைத்து, பூவேலை செய்த துணியால் மூடி, வாரா வாரம் வெள்ளிக்கிழமை துடைத்து வைத்தார்கள். சும்மா கிடக்கும் ஒரு கம்ப்யூட்டர், சும்மா கிடக்கும் ஒரு டிப்ளமோக்காரன். காதரை இரண்டே நாள் கெஞ்சினேன், தூக்கிக் கொடுத்துவிட்டான்.

ஆனால் அதில் ஒரு குறை. எழுதியதைச் சேமிக்க வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டுப் பதிய வேண்டும். கீச்சுக் கீச்சென்று ஐந்து நிமிடம் கத்தும். திரும்ப எடுக்க இன்னொரு ஐந்து நிமிடம். பாதியில் தப்பு என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரக்கூடிய மனிதர்களுக்காகச் செய்த இயந்திரம் அது. எனக்கு ஒத்துவரவில்லை.

அதற்கு டிஸ்க் டிரைவ் என்று தனியாக ஒரு பெட்டி உண்டு என்று கேள்விப்பட்டேன். கையகலச் சதுரத் தட்டு ஒன்றை வாயில் கொடுத்தால் நொடியில் எழுதி, நொடியில் படிக்கும். என்னோடு படித்தவன் ஒருவன் சென்னையில் ஒரு ஆபீஸில் வேலைக்கு இருந்தான். அங்கே கழித்துப் போட்ட பழைய டிரைவ் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று கார்டு போட்டிருந்தான். அன்றைக்கே ரயிலேறிவிட்டேன். திரும்பும்போது மீஞ்சூர் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன். திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ்ஸில் கண்டக்டர் அது என்ன என்று கேட்டார். டிஸ்க் டிரைவ் என்றேன். அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், டிரைவின் உள்ளே இருந்த இயந்திரம் நன்றாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்புப் பெட்டிதான் துருவேறிப் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. பெட்டிக்குள் அதற்கென்று தனியாக இருந்த பவர் சப்ளை செத்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் உப்புக்காற்றுக்கு முன்னால் இரும்பு நிற்காது. வேலி ஆணியிலிருந்து அம்மாவின் அரிவாள்மனை வரை எல்லாமே பழுப்பு நிறம்தான். இந்தப் பெட்டியை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெட்டி எதற்கு? டிரைவை மட்டும் கழற்றி, கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டால்? மின்சாரம் கம்ப்யூட்டரிடமிருந்தே இரவல் வாங்கிக்கொள்ளலாம். தனி வயர் வேண்டாம், தனிப் பெட்டி வேண்டாம். எல்லாம் ஒரே துண்டு. அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

யோசனை வந்த ஒரு மணி நேரத்தில் மாமுவின் கம்ப்யூட்டர் நாலு துண்டாக எங்கள் வீட்டுப் பாயில் கிடந்தது.

டிரைவை உள்ளே வைக்க இடம் போதவில்லை. வலப்பக்கம் ஒரு சிப்பின் முதுகில் மீன் செவுள் மாதிரி அலுமினியத் தகடு ஒன்று நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஹீட் சிங்க். சிப்பின் சூட்டை இழுத்து வெளியே விடுவதுதான் அதற்கு வேலை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் அந்தப் பாடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் முதல் பீரியட். (அந்த ஒரு பீரியடில்தான் நான் கால் ஆட்டாமல் அசையாமல் இருப்பேன். வாத்தியாருக்குக்கூட அதில் சந்தோஷம்.) ஆகவே அந்தத் தகடு அழகுக்கு வைத்தது என்று முடிவு கட்டிக் கழற்றி எறிந்தேன். டிரைவ் கச்சிதமாக உட்கார்ந்தது. அது ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் வலையில் கட்டும் மிதவைக் கட்டையைச் சீவிச் செருகி, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டேன். முன்பக்கப் பிளாஸ்டிக்கை பிளேடைச் சுடவைத்து அறுத்து டிரைவுக்கு வாய் வைத்தேன். போட்டதும் வேலை செய்தது. ஒரு தட்டைக் கொடுத்து என் பெயரை எழுதச் சொன்னேன், எழுதியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் படிக்கச் சொன்னேன், படித்தது. நான் வீட்டைச் சுற்றி இரண்டு தடவை ஓடினேன்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மறுநாள் காலையில் கரையில் நைனா, அதாவது என் அப்பா எல்லப்பன், படகைக் கவிழ்த்துப் போட்டு அடைப்பு வேலை செய்துகொண்டிருந்தார். படகு என்றால் பலகைக்குப் பலகை இடுக்கு இருக்கும். அதில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே ஊற்றிப் பூசுவார்கள். ஆறினால் கல் மாதிரி இறுகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. சாம்பிராணியோடு சேர்த்துக் கோயிலில் போடுவார்களே, அதே குங்கிலியம்தான். எங்களுக்கு சாமிக்கும் அதுதான், படகுக்கும் அதுதான். அந்த வாசனையில் நின்றுகொண்டு நான் கம்ப்யூட்டரை நினைத்தேன். அதன் மேல்மூடியில் வரிசையாகத் துவாரங்கள். நான் அறுத்த வாயைச் சுற்றி இடுக்கு. இந்த உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

நைனாவிடம் கேட்டேன். எல்லப்பன் என்றால் அடைப்பு வேலையில் எங்கள் கரையில் பெயர் போனவர். உளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா, இவ்ளோ ஓட்டை வச்சினு கீறானுங்க?" என்றார்.

வெள்ளைக்காரர்களுக்கு அடைப்பு வேலை தெரியாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அன்று மத்தியானம் முழுக்க நைனா உட்கார்ந்து, துவாரம் துவாரமாகப் பஞ்சுத் திரி வைத்து, சின்னக் கரண்டியால் குங்கிலியம் ஊற்றி, கட்டைவிரலால் வழித்து விட்டார். நான் பக்கத்தில் நின்று கால் மாற்றிக் கால் மாற்றி அவசரப்படுத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மகனுடைய படிப்பில் தனக்கும் ஒரு வேலை வந்ததில் அவருக்கு உள்ளூர எத்தனை பெருமை என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முடித்ததும் தட்டிப் பார்த்து, "தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று கொடுத்தார்.

சோதித்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பத்து தடவை சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம். அதற்குமேல் ஓரிடத்தில் என்னால் உட்கார முடியாது என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

இனிமேல் எங்கள் ஊர்ப் பாடு பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படாது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் ஒரு மாதிரி, உள்ளே தள்ளிக் கட்டினால் வேறு மாதிரி. அதனால் எந்தக் குடும்பம் எந்த வரிசையில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஏரிக்கரை அம்மன் கோயில் முன்னால் ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். எங்கள் குப்பத்தில் நாற்பத்தெட்டு குடும்பம், நாற்பத்தெட்டு சீட்டு. முதல் சீட்டு வந்தவனுக்கு மழை முடிந்து இறால் திரளும் முதல் அமாவாசையில் முகத்துவாரம். கடைசிச் சீட்டுக்காரனுக்குச் சேறும் பாசியும் மிஞ்சும். எடுத்த சீட்டுகளை அப்படியே வைத்திருந்தால் பின்னால் எவனாவது திருத்தி எடுத்துக்கொண்டு வருவான் என்று, வாசித்த கையோடு ஒவ்வொரு சீட்டையும் கிழித்து ஏரியில் விட்டுவிடுவது வழக்கம். அதன் பிறகு ஊருக்கு ஒரே சாட்சி, கோதண்டம் மாமா எழுதும் நோட்டு.

கோதண்டம் மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். முத்து முத்தான கையெழுத்து. பதினைந்து வருஷமாக அவர்தான் பாடு நோட்டு எழுதுகிறவர். அந்த ஒரு நாளைக்காக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருப்பார். நான் போய் ஊர்த் தலைவரிடம், இந்த வருஷம் நோட்டு வேண்டாம், கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று சொன்னேன். தலைவருக்கு உடனே பிடித்துவிட்டது. பக்கத்துக் குப்பமான பசியாவரத்துக்காரர்கள்கூடச் செய்யாததை நாம் செய்கிறோம் என்பது ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மாமா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதுல ஏத்தினப்புறம் இன்னா மாப்ள பண்ணுவ?"

"டிவில வரும் மாமா. அதப் பாத்து நோட்டுல எழுதி எல்லாருக்கும் குடுத்துருவேன்."

"அத்த இப்பவே நோட்டுல எழுதினா இன்னா?"

  காலம் மாறுது மாமா என்று என்னவோ சொல்லிவிட்டு நழுவினேன்.

பாடு நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு அம்மன் கோயில் டியூப்லைட்டிலிருந்து லைன் இழுத்து, ஒரு மேஜை மேல் கம்ப்யூட்டரையும் காதர் வீட்டுச் சின்ன டிவியையும் வைத்தேன். காதர் டிவிக்குக் காவலாகப் பக்கத்தில் நின்றான். ஆண்கள் முன்னால், பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பின்னால். கோதண்டம் மாமா அதே இஸ்திரிச் சட்டையில், கையில் நோட்டு இல்லாமல், இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் எனக்கே பாவமாக இருந்தது.

குடத்துக்குள் கைவிட்டு முதல் சீட்டை எடுத்தது ஒரு சின்னப் பெண். தலைவர் பிரித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"எல்லப்பன்."

 பதினெட்டு வருஷமாக நைனா குடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இருபதாவது, முப்பத்தேழாவது, நாற்பதாவது என்று வரும். முதல் பத்துக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. எங்கள் படகு பலகையை விட அடைப்பு அதிகமுள்ள படகு. ஒரு நல்ல பாடு கிடைத்தால் புதுப் படகு கட்டிவிடலாம் என்று நான் பால்வாடிக்குப் போன நாளிலிருந்து வீட்டில் பேச்சு. நைனா சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். பின்னால் திரும்பிப் பார்த்தேன், அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தலைவர் சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டார். நான் எல்லப்பன் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். டிவியில் நைனாவின் பெயர் ஒளிர்ந்தது.

அடுத்தடுத்து சீட்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் நடுவில் தலைவர் கண்ணாடி துடைப்பார், வெற்றிலை போடுவார், யாரையாவது குசலம் விசாரிப்பார். நான் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இடையிலேயே ஒரு தடவை டிஸ்கில் சேமித்துவிடு என்று காதர் காதோரம் சொன்னான். நான் கேட்கவில்லை. கடைசிப் பெயர் முடிந்ததும் தலைவர் கையால் பொத்தானை அமுக்க வைத்து, ஊர் மொத்தமும் கைதட்ட, ஒரே அடியாகச் சேமிப்பது என்று மனதுக்குள் விழா ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிப் பழகாத கம்ப்யூட்டர் அன்றைக்கு ஒன்றே கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பது பெயர் தாண்டியபோது ஒரு வாசனை வந்தது. முதலில் கோயிலுக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்தேன். முன்வரிசையில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர் இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாற்பத்தெட்டாவது பெயரைத் தட்டினேன். தலைவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஆள்காட்டி விரலால் பொத்தானை அமுக்கினார். டிரைவ் ஒரு உறுமல் உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்தது. விசைப்பலகையின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது.

குங்கிலியப் புகை. கோயில் வாசல். அமுக்கியது ஊர்த் தலைவர் கை. ஊருக்கு வேறென்ன தோன்றும்? பெண்கள் பக்கத்தில் குலவை போட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்து மேஜையோரம் வைத்தார்கள். ஒரு அத்தை எழுந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடவே தொடங்கிவிட்டாள். தலைவர் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு கண்ணில் நீர் மல்க நின்றார். கூட்டம் முழுக்கக் கை கூப்பியது. கூப்பாதவர்கள் மூன்று பேர்தான். நான், காதர், அப்புறம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எழுந்து நின்ற கோதண்டம் மாமா.

"இது சாமி இல்ல. படகு வாசன" என்றார் மாமா.

டிவியில் எழுத்துகள் நெளிந்தன, கோடாகின, கறுப்பாகிவிட்டன. வயரைப் பிடுங்கிவிட்டு டிரைவின் வாயைத் திறந்து தட்டை இழுத்தேன். உருகிச் சொட்டிய குங்கிலியம் தட்டில் இறங்கி, அடிபிடித்த தோசைக்கல்லில் தோசை மாதிரி அது உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்ததில் பாதிதான் கையோடு வந்தது. நைனாவின் அடைப்பு அவ்வளவு நேர்த்தி. உள்ளே இருந்த சூடு வெளியே போகவும் அது ஒரு பொட்டு வழி விடவில்லை.

அந்தப் பாதித் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நாற்பத்தெட்டு சீட்டும் ஏரித் தண்ணீரில் கரைந்துவிட்டது. நோட்டு எழுதப்படவில்லை. யாருக்கு எத்தனையாவது பாடு என்பதற்கு ஊரில் ஒரு சாட்சியும் இல்லை.

நினைவிலிருந்து சொல்லுங்கள் என்று தலைவர் கேட்டார். இரண்டாவது சீட்டு எனக்குத்தான் என்று நாலு பேர் எழுந்தார்கள். மூன்றாவதுக்கு ஆறு பேர். நாற்பதுக்கு மேல் வந்ததாக ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. குரல் ஏறியது, கை ஏறியது. கற்பூரத் தட்டு யார் காலோ பட்டு உருண்டது. ஆடிக்கொண்டிருந்த அத்தையே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, தன் வீட்டுக்காரருக்கு ஐந்தாவது சீட்டு என்று சண்டைக்கு நின்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், முதல் சீட்டு எல்லப்பன் என்பதுதான். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

தலைவர் யோசித்துவிட்டு, எல்லப்பன் முதல் சீட்டு அப்படியே இருக்கட்டும், மற்ற நாற்பத்தேழையும் மறுபடி குலுக்கலாம் என்றார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கெடுத்தது அவர் பிள்ளை, நிற்பது மட்டும் அவர் சீட்டா என்று கேட்டது. ஆடிய தலைகள் நின்றுவிட்டன.

எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் அசையாமல் நின்று அறியாத என் கால் அன்றைக்கு நகர மறுத்துவிட்டது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து முன்னால் வந்தார்.

"தலைவரே, மொத்தத்தையும் குலுக்குங்க. என் சீட்டையும் சேத்து எழுதிப் போடுங்க."

"யோசிச்சுச் சொல்லு எல்லப்பா" என்றார் தலைவர்.

"போடுங்க" என்றார் நைனா.

கோதண்டம் மாமா எங்கிருந்தோ ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். (எங்கிருந்தோ என்ன, சட்டைக்குள் வயிற்றோரம் செருகித்தான் வைத்திருந்தார்.) புதிதாக நாற்பத்தெட்டு சீட்டு எழுதினார்கள். அதே குடம், அதே சின்னப் பெண். ஒவ்வொரு பெயராக வந்தது. பத்து முடிந்தது, இருபது முடிந்தது, முப்பது முடிந்தது. நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, கறுத்துப்போன வயரைச் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் ஒவ்வொருவராக நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தேழாவது பெயர் வாசித்து முடிந்தபோது குடத்தில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. தலைவர் அதை எடுத்தார். பிரித்துப் பார்க்காமலே கிழித்து ஏரியில் விட்டார். மாமாவும் கேட்காமலே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நைனா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அழுதுவிட்டேன் என்றே சொல்லிவிடுகிறேன், இத்தனை வயதுக்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

காதர் சாயங்காலம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக வந்தான். அவன் மாமுவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அவன் அதைக் கையில் எடுத்து, மேல்மூடியில் ஒரு துவாரமில்லாமல் இறுகிக் கிடந்த குங்கிலியத்தைத் தடவிப் பார்த்தான். "கம்ப்யூட்டர் போனா போவுதுடா. இத்த ஏரில வுட்டா மெதக்கும்னு மாமுக்கு லெட்டர் எழுதறேன்" என்றான். எழுதவும் செய்தான். அந்த மனுஷர் அடுத்த லீவில் வந்தபோது அதை உண்மையாகவே தண்ணீரில் விட்டுப் பார்த்தாராம். மிதந்ததாம்.

அந்த வருஷம் நைனா சேற்றிலும் பாசியிலும் வலை கட்டினார். புதுப் படகு நாலு வருஷம் தள்ளிப் போனது. அந்த நாலு வருஷமும் பழைய படகை அவர் அடைத்து அடைத்தே ஓட்டினார். எனக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மூன்றாவது வருஷத்திலிருந்து நானும் கொஞ்சம் கை கொடுத்தேன். படகு இறங்கிய அன்று ஊரே வந்து நின்றது. தலைவர் படகைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இதில் கம்ப்யூட்டர் எதுவும் வைக்கவில்லையே என்று எல்லோர் முன்னாலும் விசாரித்தார்.

ஊரில் ஒரு புதுச் சட்டமும் வந்தது. சீட்டுக் குலுக்கும்போது மூன்று பேர் மூன்று நோட்டில் எழுத வேண்டும், மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் சீட்டைக் கிழிக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. குடத்தைக் கொண்டுவந்து வைத்ததும் தலைவராக யார் இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, எல்லப்பன் மகன் ஊரில் இருக்கிறானா என்பது. இல்லை என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் முதல் சீட்டு. என் வீட்டில் மிக்ஸி நின்று நான் திருப்புளியைத் தேடினால், என் மனைவி குங்கிலியம் வாங்கிவரச் சொல்லிப் பையனைக் கடைக்கு அனுப்பப் பார்க்கிறாள்.

நைனாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது என் தம்பி மகள் அவரிடம், தாத்தா, உனக்கு வாழ்க்கையில் வந்ததிலேயே நல்ல பாடு எது என்று கேட்டாள். வீடு மொத்தமும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. நைனா வாயிலிருந்ததை நிதானமாக மென்று முழுங்கினார்.

"ஒரு தடவ மொத சீட்டு வந்துது கண்ணு. ஒண்ணேகால் மணி நேரம் நான்தான் வச்சினு இருந்தேன்" என்றார்.

எல்லோரும் புரையேறும்வரை சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தன் இலையிலிருந்த பெரிய இறாலை எடுத்து என் இலையில் வைத்தார்.